எச்சில் சோற்றில் எத்தனை சிலிண்டர்? சென்னையில் பயோகேஸ் வைக்குமுன் போட வேண்டிய கணக்கு

எச்சில் சோற்றிலிருந்து அடுப்புக்குக் கேஸ் எடுக்க எங்கள் மெஸ் பின்கட்டில் வைத்திருக்கும் தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை வெச்சா மாசம் எத்தனை சிலிண்டர் மிச்சம்ணே?" நான் பதிலுக்குக் கேட்பேன்: "குப்பை எடுக்க வர்றவருக்கு மாசம் என்ன குடுக்கறீங்க?" பேச்சை மாற்றுகிறேன் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். பயோகேஸில் போட்ட முதல் திரும்புமா என்பதற்கான விடை பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

கிராமத்தில் இதைக் கோபர் கேஸ் என்பார்கள். அங்கே சாணம் சும்மா கிடைக்கும், இடம் கிடக்கும், கேஸ் போகத் தொட்டியிலிருந்து வெளியே வரும் கரைசலை வயல் குடித்துவிடும். திருவல்லிக்கேணியிலோ வடபழனியிலோ இந்த மூன்றும் கிடையாது. நம்மிடம் தாராளமாக இருப்பது எச்சில் சோறு ஒன்றுதான். அதனால் கிராமத்துக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதல் வேலை: தராசு

யாரிடமும் கொட்டேஷன் கேட்காதீர்கள். முதலில் ஒரு கொக்கித் தராசு வாங்குங்கள். சமையலறையில் மூன்று வாளி வையுங்கள். ஒன்றில் சோறு, சாம்பார், பொரியல், அழுகிய காய், மாவு. இரண்டாவதில் வாழையிலை, இளநீர் மட்டை, தேங்காய் ஓடு, எலும்பு, முட்டை ஓடு. மூன்றாவதில் பிளாஸ்டிக், பால் கவர், பேப்பர் கப். ஏழு நாள், ஞாயிறு உட்பட, ஒவ்வொரு வாளியையும் எடை போட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரிலேயே எழுதிவையுங்கள்.

இந்த ஒரு வாரத்தில் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, நீங்கள் நினைத்ததில் பாதிதான் முதல் வாளியில் இருக்கும். சென்னை மெஸ்ஸில் குப்பைக்கூடையை நிரப்புவது வாழையிலை. நார் அதிகம் என்பதால் அதை அப்படியே தொட்டிக்குள் போட்டால் சீக்கிரம் கரையாது, மேலே ஆடைபோல மிதந்து குழாயை அடைக்கும். பொடியாக நறுக்கும் எந்திரம் வைத்தால் போடலாம், ஆனால் அதற்குத் தனிச் செலவு. இரண்டாவது, உங்கள் ஆட்கள் பிரித்துப் போடுவார்களா மாட்டார்களா என்பது தெரிந்துவிடும். ஒரு வாரம் பிரிக்க முடியாத இடத்தில் பத்து வருஷம் தொட்டி ஓடாது. அங்கேயே நிறுத்திக்கொண்டால் சில லட்சம் மிச்சம்.

2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்களைப் பெருமளவு கழிவு உண்டாக்குவோர் என்று தனியாகப் பிரித்தன. மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே கையாள வேண்டிய பொறுப்பும் அவர்கள்மேல் விழுந்தது. மூன்று வாளியையும் சேர்த்து அந்தக் கோட்டை நெருங்குகிறீர்கள் என்றால், "வைக்கலாமா வேண்டாமா" என்பதோடு "எதை வைப்பது" என்பதும் கேள்வியாகிவிடுகிறது. எடை எழுதிய அந்தக் காலண்டரைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் உதவும்.

எடையிலிருந்து எரிவாயு

மனதில் வைத்துக்கொள்ள மூன்று எண் போதும். சமைத்த உணவுக் கழிவு ஒரு கிலோவுக்குச் சுமார் 90 லிட்டர் பயோகேஸ் வரும். ஒரு கன மீட்டர் பயோகேஸ் ஏறக்குறைய 450 கிராம் சமையல் எரிவாயுவுக்குச் சமம். அதாவது 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக 42 கன மீட்டர் தேவை. ஏன் இவ்வளவு குறைவு என்றால், பயோகேஸில் எரியும் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பங்கு எரியாத கார்பன் டை ஆக்ஸைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கொஞ்சம் இருக்கும்.

கழிவில் எவ்வளவு தண்ணீர் என்பதைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். கோயம்பேட்டில் குவியும் முட்டைக்கோஸ் தழையும் தக்காளியும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதே எடைக்குச் சோற்றில் வருவதில் பாதி வந்தாலே பெரிது. மாட்டுச் சாணமும் அப்படித்தான், ஒரு கிலோவுக்குச் சுமார் 40 லிட்டர். மாடு தின்றதில் சத்தான பங்கை ஏற்கெனவே அதுவே எடுத்துக்கொண்டுவிட்டதே! சோறு இன்னும் யாரும் தொடாத தீனி.

இப்போது வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். நான்கு பேர் குடும்பத்தில் நாளுக்கு ஒரு கிலோ சமையலறைக் கழிவு என்றால் 90 லிட்டர். சின்ன அடுப்பில் பன்னிரண்டு நிமிஷம் எரியும், டீ போடலாம். வருஷம் முழுக்கச் சேர்த்தால் 33 கன மீட்டர், அதாவது ஒரே ஒரு வீட்டு சிலிண்டர். வருஷத்துக்கு ஒரு சிலிண்டருக்காக மொட்டைமாடியில் பல ஆயிரம் ரூபாய்க்குத் தொட்டி வைப்பது ஆசைக்கு வேண்டுமானால் சரி. பக்கத்து நாலு வீட்டுக் கழிவையும் காய்கறிக் கடைக்காரர் கழிவையும் சேர்த்து வாங்கிப் போடத் தயார் என்றால் கணக்கு மாறும்.

பெரிய அபார்ட்மென்ட் அசோசியேஷன்களுக்கு வேறு சிக்கல். நூறு வீட்டிலிருந்து 100 கிலோ வரும், 9 கன மீட்டர் கேஸும் வரும். அதை எங்கே எரிப்பது? நூறு சமையலறைக்கும் குழாய் இழுக்க முடியாது. ஜெனரேட்டர் வைத்தால் கன மீட்டருக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம், ஆகமொத்தம் நாளுக்குப் பதிமூன்று யூனிட். அதற்கு எஞ்சின், சுத்திகரிப்பு, மெக்கானிக். வளாகத்துக்குள் பொதுச் சமையலறையோ கேன்டீனோ இல்லாத அபார்ட்மென்டுக்கு என் யோசனை உரத்தொட்டிதான். தொட்டி வைத்திருப்பவனே தொட்டிக்கு எதிராகப் பேசுகிறேன் என்று பலர் சிரிப்பார்கள். பயோகேஸ் குழாய் எட்டும் தூரத்தில் ஓர் அடுப்பு தினமும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஹோட்டல், மெஸ், ஹாஸ்டல், கல்யாண மண்டபம், கேன்டீன் எல்லாம் சரி. மண்டபத்தில் மட்டும் முகூர்த்தம் பார்த்துத்தான் கழிவு வரும், ஆடியிலும் மார்கழியிலும் வராது என்பதைக் கவனியுங்கள்.

பணம் எங்கே இருக்கிறது

ஒரு மெஸ் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ரூபாய் எல்லாம் எடுத்துக்காட்டுக்கு. உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாளியில் நாளுக்கு 50 கிலோ. வரும் கேஸ் 4.5 கன மீட்டர், சிலிண்டர் கணக்கில் 2 கிலோ. மாதம் 26 நாள் என்றால் 52 கிலோ. வணிக சிலிண்டர் 1,900 ரூபாய் என்று வைத்தால் மிச்சம் 5,200 ரூபாய். கழிவு எடுப்பவருக்கு மாதம் 6,000 கொடுத்துவந்தது, இலையும் மட்டையும் மட்டும் போவதால் 2,000 ஆகிறது. இங்கே மிச்சம் 4,000. செலவுப் பக்கம்: தினம் ஒரு மணி நேர ஆள் வேலை, மாதம் 2,600. குழாய், வால்வு, வடிகட்டி என்று பராமரிப்புக்கு 700. கையில் நிற்பது 5,900. தொட்டிக்கு மூன்றரை லட்சம் ஆனால் ஐந்து வருஷத்தில் போட்டது திரும்பும்.

அந்த 4,000 ரூபாயை மட்டும் அடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். மாதம் 1,900தான் நிற்கிறது. மூன்றரை லட்சம் திரும்பப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் தொட்டிக்கே ஆயுள் முடிந்துவிடும். குப்பை எடுக்க இன்று நீங்கள் ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால், அல்லது புறநகர்ப் பன்றிப் பண்ணைக்காரர் தினமும் வந்து எச்சில் சோற்றை இலவசமாக எடுத்துப் போகிறார் என்றால், கேஸ் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அந்தப் பண்ணைக்காரர்தான் உங்கள் தொட்டிக்குப் போட்டி. கொட்டேஷன் தருகிறவர்களின் அட்டவணையில் அவரைக் காணவே முடியாது.

ஆள் கூலியை "நம்ம பசங்களே பார்த்துப்பாங்க" என்று விட்டுவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. நானும் செய்தேன். யாருக்கும் தனியாகச் சொல்லாத வேலையை யாரும் செய்வதில்லை. பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு அதற்கென்று மாதம் தனியாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் தொட்டி ஒழுங்காக ஓடியது.

மானியத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் வரவு.

இடம், தண்ணீர், கரைசல்

50 கிலோ கழிவுக்கு அதே அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். நாளுக்கு 100 லிட்டர் உள்ளே போகிறது, நாற்பது நாள் தங்க வேண்டும், ஆக 4,000 லிட்டர் தொட்டி. கேஸ் சேர்ந்து நிற்க மேலே தனி இடம். வெயில் நன்றாக விழும் இடமாகப் பாருங்கள். இந்த நுண்ணுயிர்களுக்குப் பிடித்தது 35 டிகிரி சூடு, அதைச் சென்னை இலவசமாகக் கொடுக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் தொட்டியைச் சூடாக்கவே கேஸில் ஒரு பங்கைச் செலவழிக்கிறார்கள். நமக்கு மார்கழியில் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

தண்ணீருக்கு மெட்ரோ வாட்டரைத் திறக்காதீர்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி களைந்த கழுநீரும், சோப்புப் போடுவதற்குமுன் பாத்திரம் அலசிய முதல் தண்ணீரும் போதும். ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை வைத்து, பால்காரர் மாட்டுக்குக் கொடுப்பார்கள். அதே கழுநீர்தான், மாடுதான் வேறு.

வெள்ளத்தை மறக்காதீர்கள். குழி தோண்டித் தரைக்குக் கீழே வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரும் சாக்கடையும் உள்ளே இறங்கும். பழுதுபார்க்கக் காலி செய்த பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் வெள்ளத்தில் மிதந்தே போகும். உங்கள் தெருவில் 2015 டிசம்பரிலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீர் நின்ற உயரத்தைக் கேட்டு, அதற்கு மேலே மேடை கட்டுங்கள்.

கரைசல்தான் சென்னையில் பெரிய தலைவலி. 100 லிட்டர் உள்ளே போனால் கிட்டத்தட்ட 100 லிட்டர் வெளியே வரும், தினமும். ஊரில் இது பொன். தழைச்சத்து எல்லாம் அதில்தான் இருக்கிறது. இங்கே மெஸ் பின்கட்டில் 100 லிட்டர் கறுப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாக்கடையில் விட்டால் அடைப்பும் சண்டையும் வரும். நாங்கள் துணியில் வடிகட்டித் தெளிந்த நீரில் பாதியைத் திரும்பக் கழிவு கரைக்கவே பயன்படுத்துகிறோம். முழுவதையும் அப்படிச் சுற்றவிட்டால் உப்பும் அமோனியாவும் ஏறிவிடும். மிச்சத்தை ஐந்து பங்கு தண்ணீர் கலந்து மாடித்தோட்டக்காரர்கள் கேனில் எடுத்துப்போகிறார்கள். காசு வாங்குவதில்லை. எடுத்துப் போவதே உபகாரம். கரைசலை யார் எடுப்பார்கள் என்பதற்கு ஆள் கிடைக்கும்வரை தொட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

தீனி போடும் முறை

முதலில் தொட்டியைப் புதுச் சாணமும் தண்ணீரும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். மாட்டின் வயிற்றிலிருக்கும் அதே நுண்ணுயிர்கள்தான் இங்கே வேலை செய்யப்போகின்றன, சாணம் அவற்றுக்கு விதை. இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். முதலில் வரும் கேஸ் எரியாது. காற்று கலந்திருப்பதால் அதைக் கொளுத்திப் பார்ப்பதே ஆபத்து. வெளியே விட்டுவிடுங்கள். பிறகு நாளுக்கு ஐந்து கிலோவில் ஆரம்பித்து, ஒரு மாதத்தில் மெல்ல மெல்ல முழு அளவுக்கு வாருங்கள்.

தொட்டியை ஒரு மாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரே நேரம், ஒரே அளவு, அரைத்த தீனி. எலுமிச்சைத் தோல் அதிகம் வேண்டாம், அதன் எண்ணெய் நுண்ணுயிரைக் கொல்லும். ஊறுகாய் வேண்டாம். பினாயில் பட்ட தண்ணீர் ஒரு குவளைகூட வேண்டாம்.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தும் ஓர் ஆடி மாதம் மாட்டிக்கொண்டேன். காலையில் அக்கா வந்து நின்றார்.

"டீக்கு அடுப்பு ஏத்தினா புஸ்ஸுனு காத்து வருது, தீ புடிக்க மாட்டேங்குதுண்ணா."

"நேத்து என்னக்கா போட்டீங்க?"

"கோயில்ல மிஞ்சுன கூழு. ரெண்டு அண்டா. வீணா போவுதேன்னு கொட்டிட்டேன்."

கேஸ் டிரம் என்னவோ வழக்கத்தைவிட உயரமாகத்தான் எழும்பி நின்றது. அதுதான் ஏமாற்று. புளித்த கூழ் ஒரே இரவில் கரைந்து அமிலமாகிவிட்டது. அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர் வேகமானது, அதைத் தின்று மீத்தேன் விடும் நுண்ணுயிர் மெதுவானது. முன்னது ஓடிவிட, பின்னது திணறி நின்றுவிட்டது. டிரம்மை நிரப்பியது எரியாத கார்பன் டை ஆக்ஸைடு. அமிலத்தன்மை காட்டும் பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்தால் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை. மனிதர் மொழியில் சொன்னால் அஜீரணம்.

வைத்தியமும் அப்படித்தான். பத்து நாள் பட்டினி. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஒருமுறை தாள் பார்த்து. இரண்டு வாளி புதுச் சாணம். பதினெட்டாம் நாள் நீலச் சுடர் திரும்பியது. அந்தப் பதினெட்டு நாளும் கடைச் சிலிண்டர், கழிவு எடுக்கத் தனி ஆள், அக்காவின் வருத்தம் எல்லாம் கணக்கில் ஏறின. வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் தொட்டி படுத்துவிடும் என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்கு விற்கும் தாள் ஒன்று இதை முன்னாலேயே சொல்லியிருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாதுகாப்பு பற்றி ஒரே பேச்சு. அடைப்பு எடுக்கவோ சுத்தம் செய்யவோ தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள், காலியாகத் தெரிந்தாலும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். தொட்டி அருகே பீடி, சிகரெட் கூடாது. கசிவை நெருப்பால் சோதிக்காமல் சோப்பு நுரையால் சோதியுங்கள். கேஸை வீட்டுச் சிலிண்டரில் அடைத்து வைக்கலாமா என்று கேட்காதவர் இல்லை. கூடாது. சாதாரண அடுப்பிலும் அப்படியே எரியாது. அழுத்தம் குறைவு என்பதால் ஜெட் துளையைப் பெரிதாக்கிய பர்னர் வேண்டும்.

பெரிய ஆசைகள்

சிலர் கேஸைச் சுத்திகரித்து வண்டிக்கு விற்பது பற்றிக் கேட்கிறார்கள். சேத்துப்பட்டில் மாநகராட்சி இடத்தில் நாளுக்கு 100 டன் ஈரக்கழிவைக் கையாளும் அளவில் அமைந்த சிஎன்ஜி (வண்டிக்கான அழுத்தப்பட்ட கேஸ்) ஆலை அந்த ரகம். 100 டன் நல்ல உணவுக் கழிவு என்றால் அழுத்தப்பட்ட கேஸ் சுமார் நான்கு டன் எடுக்கலாம். இப்படி அழுத்திய பயோகேஸை வாங்கிக்கொள்ளும் சதத் (SATAT) திட்டத்தை மத்திய அரசு 2018 அக்டோபரில் தொடங்கியபோது எண்ணெய் நிறுவனங்கள் கிலோ 46 ரூபாய்க்கு வாங்குவதாகச் சொன்னார்கள். அந்த விலைக்கு நான்கு டன்னும் நாளுக்கு 1,84,000 ரூபாய். கழிவு டன்னுக்கு 1,840. இதற்குள் லாரி, பிரிப்பது, அரைப்பது, கார்பன் டை ஆக்ஸைடை நீக்கி 90 சதவீதத்துக்கு மேல் மீத்தேனாக்குவது, அழுத்துவது, கடன் வட்டி எல்லாம் அடங்க வேண்டும். கழிவோடு பிளாஸ்டிக் கலந்து வந்தால் அந்த 100 டன்னில் அறுபதுதான் தீனி, லாரிச் செலவு மட்டும் நூறுக்கு. ஆகவே அதுவும் நம் மெஸ் கணக்குதான். குப்பையை எடுத்துக்கொள்வதற்கு யாராவது காசு கொடுத்தால்தான் நிற்கும், வீட்டு வாசலில் பிரித்துத் தந்தால்தான் ஓடும்.

தொட்டி வைக்க வழியே இல்லாத கடைக்காரர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது: பழைய எண்ணெய். பஜ்ஜி, வடை பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்பது 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதே வருஷம் ஆகஸ்டில், பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் ரூகோ திட்டமும் தொடங்கியது. இதில் உங்களுக்கு முதலீடு ஒரு மூடி போட்ட கேன் மட்டும். பதிவு பெற்ற சேகரிப்பாளர் வந்து லிட்டர் கணக்கில் காசு கொடுத்து எடுத்துப்போவார். கறுத்த எண்ணெயைக் கையேந்தி பவனுக்குக் கைமாற்றிவிடும் பழக்கத்துக்கும் இது முற்றுப்புள்ளி.

கொட்டேஷன் கேட்கும் நாள்

இப்போது உங்கள் கையில் ஏழு நாள் எடை, குப்பை பில், சிலிண்டர் பில், கரைசல் எடுக்கும் ஆள் நான்கும் இருக்கின்றன. தொட்டி விற்பவரைக் கூப்பிடலாம்.

அவர் "100 கிலோவுக்கு ஒரு சிலிண்டர் வரும் சார்" என்றால், எந்த சிலிண்டர், எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். நாளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் சொன்னால் தண்ணீர் போகத் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அங்கேயே பேச்சு நிதானமாகும். விலையில் அரைக்கும் எந்திரம், சல்ஃபைடைப் பிடிக்க இரும்புத் துருவல் வடிகட்டி, குழாயில் ஈரம் வடியும் வால்வு, பர்னர், முதல் சாணம் எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை தடவை வருவார் என்றும்.

கடைசியாக, அவர் வைத்துக் கொடுத்து மூன்று வருஷம் ஆன தொட்டி ஒன்றின் முகவரியைக் கேளுங்கள். திறப்பு விழா நடந்து மூன்று மாதம் ஆனது வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போங்கள், மதியச் சமையல் மும்முரமாக இருக்கும் நேரம். முதலாளியிடம் பேசாமல் நேரே பின்கட்டுக்குப் போய், தீனி போடுகிறவரிடம் அந்த அடுப்பை ஒரு தடவை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.